இலங்கை மலையகத்துல இருந்து படம் எடுக்கிறவங்களுக்கு அரசாங்கத்துல ஏதாவது உதவி இருக்கா? யார்கிட்ட போய் கேக்குறது?

நோர்வூட் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் மொத தடவையா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 27, நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். போன வருஷம் நானும் கூட்டாளிங்க நாலு பேரும் சேர்ந்து 38 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து முடிச்சோம். ஒரு அம்மாவுக்கு பேர் வெட்டுற நாள்ல கதை தொடங்குது. செக்ரோல்ல இருந்து பேர எடுத்தாச்சு, இனி வேலைக்கு வரத் தேவல்லனு சொல்லியாச்சு, ஆனா அடுத்த நாள் காலையிலயும் அந்த அம்மா நாலரைக்கு எழும்பி அடுப்ப பத்த வச்சி தேத்தண்ணி குடிச்சி படங்கு சாக்க எடுத்து இடுப்புல சுத்தினப்புறம்தான் ஞாபகம் வந்து, அப்படியே வாசப்படியில உக்காந்துடுது. நடிச்சது எங்க பெரியம்மாதான். அந்த இடத்துல எப்படி உக்காரணும்னு நான் ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல, அவங்களுக்கே போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் பேர் வெட்டுனது.

எடுத்த கஷ்டத்த சொல்லணும். காம்பரா, அதாவது லயத்துல ஒரு குடும்பம் இருக்கிற அறை, பத்துக்கு பன்னெண்டு அடி, அதுக்குள்ள கட்டில், அலுமாரி, சாமிப்படம், பெரியம்மா, கேமரா, லைட் புடிக்கிறவன். பின்னாடி போக எடமே இல்ல, முதுகு செவுத்துல முட்டுது, கடைசியில ஜன்னல கழட்டி வச்சிட்டு வெளிய நின்னு எடுத்தோம். ஜூன் மாசம் வேற, மழை தகரத்துல விழுற சத்தத்துல பேசுற ஒரு வசனமும் கேக்காது, மழை விடுற வரைக்கும் காத்திருந்து காத்திருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு ரெக்கோட் பண்ணுன சீன் எல்லாம் இருக்கு.

செலவு மூணு லட்சத்து நாப்பதாயிரம். அதுல தங்கச்சியோட சீட்டுக் காசும் இருக்கு. நாட்சம்பளம் 1350 ரூபாயா இருந்த கணக்குல பாத்தா 250 பேருக்கு மேல (தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு ஒரு பேருனு சொல்லுவோம்), எங்க அம்மா கிட்டத்தட்ட ஒரு வருஷம் கொழுந்து எடுக்கணும்.

இப்ப அதே கதைய ஒன்றரை மணித்தியாலப் படமா எடுக்க ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன். இதுக்கு மேல வீட்டுக் காசுல செய்ய முடியாது. என் கேள்வி இதுதான், திரைப்படக் கூட்டுத்தாபனத்துல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கடனோ மானியமோ உண்டா, தமிழ்ல எழுதின ஸ்கிரிப்ட குடுத்தா அங்க வாசிக்க ஆள் இருக்காங்களா, தெரிவு செய்ற குழுவுல மலையகத்து ஆள் யாராவது எப்பயாவது இருந்திருக்காங்களா? கொழும்புல ஒரு ஒபிஸ்க்கு போய் கேட்டப்ப அங்க இருந்தவரு சிங்களத்துல ஏதோ சொல்லி ஒரு விண்ணப்பப் போம குடுத்தாரு, போமும் சிங்களம், எனக்கு பேச வரும் வாசிக்க வராது, ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். எங்க தோட்டத்துத் தலைவரு, நம்ம சங்கத்துப் பெரியவங்ககிட்ட சொல்லி தோட்ட அமைச்சு பக்கமா ஏதாச்சும் பாப்போம்னு சொல்றாரு. அப்படிப் போறதா, வேற வழி இருக்கா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


கண்டி எடிட்டிங் மேசை:

தம்பி மொதல்ல வாழ்த்துகள், ஜன்னல கழட்டி வச்சிட்டு எடுத்தேனு சொன்னீங்க பாருங்க, அத வாசிச்சப்ப எனக்கு அந்த ஷொட் கண்ணுல தெரிஞ்சிச்சு. நான் கண்டியில எடிட்டிங் செய்றேன், 12 வருஷமா, சொந்த ஊர் புசல்லாவ பக்கம். எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கூட்டுத்தாபனம் 1971ஆம் ஆண்டு 47ஆம் இலக்கச் சட்டத்துல உருவாகி 1972ல வேலைய தொடங்குனது. அந்தக் காலத்துல படத்த இறக்குமதி செய்றது, தியேட்டருக்கு குடுக்கிறது எல்லாமே அவங்க கையில. ஸ்கிரிப்ட பாத்து அங்கீகரிச்சு தயாரிப்பாளருக்கு கடன் குடுக்கிற திட்டமும் எழுபதுகள்ல இருந்துச்சு, சிங்கள சினிமாவுல புதுசா வந்த பல நெறியாளர்களுக்கு அதுதான் ஏணி. 2000ஆம் ஆண்டுகளோட தொடக்கத்துல விநியோகத்துல தனியாரும் வந்தாச்சு, இப்ப நல்ல திரை எல்லாம் தியேட்டர் சர்க்கிட் வச்சிருக்கிற விநியோகஸ்தர்கள் கையிலதான். இத ஏன் சொல்றேன்னா, அந்த அமைப்பு முழுக்க ‘தியேட்டர்ல ஓடி டிக்கட் வித்து காச திருப்பிக் கட்டுற படம்’ அப்படிங்கிற ஒரே எண்ணத்துல கட்டுனது. 38 நிமிஷப் படத்துக்கு அங்க எடம் கிடைக்கிறது கஷ்டம். நீங்க முழு நீளப் படம் எடுக்கப் போறீங்க, அதனால கதவு இருக்கு, ஆனா அந்தக் கதவு நம்ம உயரத்துக்கு வச்சது இல்ல.

எப்படினு சொல்றேன். கடன்னா பிணை கேப்பாங்க. பாங்குக்கு போனாலும் அதேதான், காணி உறுதி கேப்பாங்க இல்லாட்டி அரசாங்க உத்தியோகத்தர் ரெண்டு பேரோட கையெழுத்து கேப்பாங்க. லயத்துல பொறந்தவன்கிட்ட எங்க இருக்கு உறுதி? 200 வருஷமா இருக்கிற காம்பராவே நம்ம பேர்ல இல்ல. 7 பேர்ச்சஸ் காணியில வீடு கட்டிக் குடுத்த எடத்துலயும் பல பேருக்கு உறுதி கைக்கு வந்து சேரல. கொழும்புல, கம்பஹால இருக்கிற ஒரு நெறியாளர் அப்பாவோட வீட்ட ஈடு வச்சி மொத படத்த எடுப்பாரு, அவருக்கும் கஷ்டம்தான், ஆனா ஈடு வைக்க ஒரு வீடு இருக்கு. ஒரே விதி எல்லாருக்கும்னு சொல்றாங்களே, அந்த ஒரே விதிதான் நம்மள வெளிய நிறுத்துது.

இன்னொன்னு, இது எனக்கே நடந்தது. சில வருஷத்துக்கு முந்தி நானும் ஒரு சினேகிதியும் ஒரு ஆவணப்படத்துக்கு உதவி கேட்டு ஒரு அரசாங்க ஒபிஸ்க்கு விண்ணப்பம் போட்டோம். அவளோட தோட்டத்து விலாசம் குடுத்திருந்தோம். நேர்முகத்துக்கு வரச்சொல்லி கடிதம் வந்திருக்கு, ஆனா தோட்டத்து ஒபிஸ்ல 11 நாளு கிடந்து, யாரோ கணக்கப்பிள்ளை கண்ணுல பட்டு குடுத்தனுப்பி எங்க கைக்கு வந்தப்ப நேர்முகம் முடிஞ்சு நாலு நாளு. அந்த கவரோட மேல் மூலையில தேத்தண்ணி கோப்பை வச்ச வட்டம் ஒண்ணு இருந்துச்சு, இன்னும் வச்சிருக்கேன் அத. போன் எடுத்து கேட்டா ‘நாங்க அனுப்பிட்டோமே’னு சொல்றாங்க, அவங்க பக்கம் சரிதான், அனுப்பித்தான் இருக்காங்க. லயத்துல வீட்டு இலக்கமும் இல்ல, தபால்காரன் வாசலுக்கு வர்றதும் இல்லனு கொழும்புல ஒருத்தருக்கும் தெரியாது. அதனாலதான் முடிவெடுக்கிற மேசையில நம்ம ஆள் ஒருத்தராவது இருக்கணும்னு சொல்றேன். அங்க ஒரு பதுளைக்காரி உக்காந்திருந்தா, ‘கடிதம் மட்டும் அனுப்பாதீங்க, போனும் எடுங்க’னு ஒரு வார்த்த சொல்லியிருப்பா.

அமைச்சு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. நம்மளோட எந்த விஷயம்னாலும் தோட்ட அமைச்சு பக்கம் தள்ளிவிடுறது ஒரு பழக்கமா போச்சு, றோட்டு, கூரை, தண்ணி எல்லாம் சரி, ஆனா சினிமா ஏன் அங்க போகணும்? கலைஞனுக்கு உள்ள உரிமைய கலாசாரம் பாக்குற அமைச்சுகிட்டயும் கூட்டுத்தாபனத்துகிட்டயும்தான் கேக்கணும். தோட்ட அமைச்சு வழியா வந்தா அது நலன்புரி ஆகிடும், தகரம் குடுத்த லிஸ்ட்ல உங்க பேரும் வரும்.


தலவாக்கலை சேர்:

அன்புத் தம்பிக்கு. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 66. டைப் பண்ண பேத்தி உதவி செய்யுது, அதனால பிழை இருந்தா என் பிழைதான்.

நம்ம ஆட்கள் படம் எடுக்கிறது இன்னைக்கு நேத்து தொடங்கின கதை இல்ல. இலங்கையில தமிழ்ல எடுத்த மொத சில படங்கள்ல ஒண்ணே தோட்டக்காரி, 1963ல, தலைப்பே நம்ம தலைப்பு. அப்புறம் 1975ல தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் எடுத்து நடிச்ச புதிய காற்று. அது வந்தப்ப எனக்கு பதினஞ்சு பதினாறு வயசு இருக்கும். எங்க டிவிசன்ல இருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் போனோம், அம்மாமாரு திருவிழாவுக்கு போற மாதிரி பெட்டியில இருந்து சேலைய எடுத்து கட்டிட்டு வந்தாங்க, சேலையில பூச்சி உருண்டை வாசம், லொறி வளைவுல திரும்புறப்ப எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு சிரிப்பு. தியேட்டர்ல மலையும் கொழுந்துக் கூடையும் திரையில வந்த உடனே எனக்குப் பின்னால இருந்த ஒரு பாட்டி ‘அடியே, நம்ம மலைடி’னு சத்தமா சொல்லிச்சு. அம்பது வருஷமாச்சு, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. அதுவரைக்கும் எம்.ஜி.ஆர் படத்துல மெட்ராஸத்தான் பாத்திருந்தோம், நம்ம மலை திரையில வரும்னு அந்தப் பாட்டி நினைச்சிருக்காது.

நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்தப் படத்துக்குப் பின்னால ஒரு சங்கவாதியோட கைக்காசும் துணிச்சலும் இருந்துச்சு. அவரு மூணு படம் எடுத்தாரு. அவருக்கு அப்புறம் அந்த இடத்த நிரப்ப ஒரு ஏற்பாடு இருந்துச்சா? இல்ல. ஒரு மனுஷனோட கையில நின்ன வேலை அந்த மனுஷனோட நின்னு போச்சு. அதுக்குள்ள 83 ஆடிக் கலவரம் வந்துச்சு. ஹெந்தளையில விஜயா ஸ்டூடியோவ எரிச்சாங்க, அதோட எத்தனை படத்தோட நெகட்டிவ் சாம்பலாச்சு. தமிழ் ஆட்களோட தியேட்டர்களும் எரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் யாரு துணிஞ்சு காச போடுவாங்க?

தம்பி நீங்க கடனும் மானியமும் கேக்குறீங்க, கேக்கணும். அதோட சேர்த்து இன்னொன்னையும் கேளுங்க. எடுத்த படத்த யாரு பாதுகாக்கிறது? என் பேத்திக்கு அந்த 75ஆம் ஆண்டு படத்த ஒழுங்கான ஒரு பிரதியில காட்டணும்னு எனக்கு ஆசை, எங்க போய் கேக்குறதுனே தெரியல. நம்ம சனத்தோட முகம் உள்ள படம் அரசாங்கத்தோட பொறுப்புல ஒரு எடத்துல பத்திரமா இருக்கணும், அதுவும் ஒரு உதவிதான். கம்பளைக்குப் பக்கத்துல பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் மியூசியமா ஆக்கி வச்சிருக்காங்க, அங்க கவ்வாத்துக் கத்தியும் பழைய பாத்திரமும் இருக்கு. அந்த மாதிரி படங்களுக்கும் ஒரு எடம் வேணும்.


ஊவா காத்து:

சேர் சொன்னது மனச தொட்டிச்சு, ஆனா நான் கொஞ்சம் மாறுபட்டு பேசுறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

தம்பி, அரசாங்கத்துக்காக காத்திருந்தா உங்க பெரியம்மாவுக்கு வயசு எழுபது ஆகிடும். நான் பண்டாரவளையில கலியாண வீடியோ எடுத்துத்தான் சாப்பிடுறேன், சீசன்ல கிடைக்கிற காசுல வருஷத்துக்கு ஒண்ணு சொந்தமா எடுப்பேன், யூடியூப்ல போடுவேன், எனக்கு யாரோட கையெழுத்தும் வேணாம். ஒரு தடவ பிரதேச செயலகத்துல கலாசார உத்தியோகத்தர்கிட்ட போனேன், நல்ல மனுஷி, உண்மையாவே உதவி செய்யணும்னு நினைச்சாங்க, ஆனா அவங்க கையில இருக்கிறது சாகித்திய விழா, நடனப் போட்டி, கூத்துக்கு உடுப்பு வாங்க கொஞ்சம் காசு. காமன் கூத்துக்கு வேணும்னா எழுதித் தர்றேன் தம்பி, படத்துக்கு எந்த தலைப்புல எழுதுறதுனு எனக்கே தெரியலனு சொன்னாங்க. அவங்க மேல பிழை இல்ல, படத்துக்குனு ஒரு கோடு அவங்க கணக்குலயே இல்ல.

காசு மட்டும் இல்ல, பெர்மிஷன் கதைய பாருங்க. தோட்டத்துல எடுக்கணும்னா தொரைகிட்ட, அதாவது தோட்ட மேனேஜர்கிட்ட கேக்கணும், தொரை கொம்பனியோட கொழும்பு ஒபிஸ கேக்கச் சொல்லுவாரு, 1992ல இருந்து அநேக தோட்டம் கொம்பனி நிர்வாகம்தானே. ஸ்டேசன்ல எடுக்கணும்னா ரயில்வே திணைக்களம். ட்ரோன் பறக்க விடணும்னா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. வெளிநாட்டுல இருந்து விளம்பரம் எடுக்க வர்ற ஆட்களுக்கு இதெல்லாம் செஞ்சு குடுக்க ஏஜென்ட் இருக்காங்க, ஒன்பது வளைவுப் பாலத்துல அவங்க மூணு நாளு நிப்பாங்க. நான் தெமோதரையில பொறந்தவன், ட்ரைபொட்ட விரிச்ச அஞ்சாவது நிமிஷம் கடிதம் எங்கனு கேப்பாங்க. அரசாங்கம் எனக்கு காசு தரவேணாம், சொந்த ஊர்ல கேமரா தூக்க ஒரே ஒரு கடிதம், ஒரே எடத்துல, தமிழ்ல, ஒரு கிழமைக்குள்ள தரட்டும். அதுவே எனக்கு லட்சக்கணக்குல மிச்சம்.

அப்புறம் வெளிநாட்டு ஃபண்ட் இருக்கு, நெதர்லாந்துல றொட்டர்டாம் திரைப்பட விழாவோட ஹூபர்ட் பால்ஸ் ஃபண்ட் 1988ல இருந்து நம்மள மாதிரி நாடுகள்ல இருந்து வர்ற படங்களுக்கு குடுக்கிறாங்க, பெர்லின்ல வேர்ல்ட் சினிமா ஃபண்ட் இருக்கு. முயற்சி பண்ணுங்க.


கண்டி எடிட்டிங் மேசை:

ஊவா தம்பி, பெர்மிஷன் விஷயத்துல நூத்துக்கு நூறு உங்க பக்கம், அத தனியாவே ஒரு கோரிக்கையா வைக்கணும். ஆனா யூடியூப் போதும்னு சொல்றத ஏத்துக்க முடியல. உங்க கலியாண சீசன் காசுல நீங்க எடுக்கிறது 15 நிமிஷம், 20 நிமிஷம். நோர்வூட் தம்பிக்கு வேண்டியது ஒன்றரை மணித்தியாலம், சவுண்டுக்கு ஆள், கலர் பாக்க ஆள், நடிக்கிறவங்களுக்கு நாலு கிழமைக்கு நாட்சம்பளம். பெரியம்மாவ சும்மா நடிக்க வைக்கலாம், பக்கத்து லயத்துல இருந்து வர்ற பத்துப் பேரையும் ஒரு மாசம் வேலைய விட்டுட்டு சும்மா வாங்கனு கேக்க முடியுமா? கேக்கவும் கூடாது. நம்ம அம்மாமாரோட பேரு ஏற்கெனவே நெறைய எடத்துல குறைச்சுப் போட்டாச்சு, நம்ம படத்துலயும் குறைக்கவா?

வெளிநாட்டு ஃபண்டும் அப்படித்தான். இங்கிலீஷ்ல பத்துப் பக்கம் எழுதணும், கூட ஒரு தயாரிப்பாளர் வேணும், விழாக்கள்ல முகம் தெரிஞ்சிருக்கணும். அதெல்லாம் உள்ளவங்களுக்குத்தான் மேல மேல கிடைக்குது. கேக்க வேணாம்னு சொல்லல, ஆனா வரி கட்டுறது நாம, மா, சீனி வாங்குனாலும் வரி, போன் ரீலோட் போட்டாலும் வரி. அந்தக் காசுல ஒரு பங்க கேக்கிறத விட்டுட்டு நெதர்லாந்துக்கு மட்டும் ஏன் எழுதணும்?


கொச்சியில பதுளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம், நான் பசறைக்காரி, இப்ப படிப்புக்காக கேரளாவுல இருக்கேன். இங்க நடக்கிற ஒரு விஷயத்த சொன்னா உங்களுக்கு உதவும்னு நினைக்கிறேன்.

கேரள மாநில திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2019ல ஒரு திட்டம் தொடங்குனாங்க, பெண் நெறியாளர்களோட ஸ்கிரிப்ட தெரிவு செஞ்சு ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி இந்திய ரூபா வரைக்கும் அரசாங்கமே போட்டு தயாரிக்கிறது. பிறகு பட்டியல் சாதி, பழங்குடி நெறியாளர்களுக்கும் அதே மாதிரி வச்சாங்க. கடன் இல்ல, ஈடு இல்ல, உறுதி இல்ல, கழகம்தான் தயாரிப்பாளர். இங்கயும் எல்லாம் சுமுகம் இல்ல, காசு கட்டம் கட்டமா வர தாமதம், அவ்வளவு காச புது ஆட்களுக்கு ஏன் குடுக்கணும்னு பெரியவங்களே பேசி பெரிய சர்ச்சையும் வந்துச்சு. ஆனா அந்த வழியில ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி யாருக்குமே பேரு தெரியாத பொண்ணுங்க இன்னைக்கு ஒரு முழு நீளப் படத்துக்கு நெறியாளர். ஃப்ரான்ஸ்ல 1946ல இருந்து சி.என்.சினு ஒரு அமைப்பு இருக்கு, தியேட்டர்ல விக்கிற ஒவ்வொரு டிக்கட்டுலயும் 10.72 சதவீதம் எடுத்து திரும்பவும் சினிமாவுக்கே போடுறாங்க, ஹொலிவுட் படம் ஓடினாலும் அந்தக் காசு உள்ளூர் படத்துக்கு வரும். நம்ம நாட்டுலயும் டிக்கட்டுல பொழுதுபோக்கு வரி எடுக்கிறாங்க, அது உள்ளூராட்சி சபைக்கு போகுது. ஹட்டன்லயும் பதுளையிலயும் இந்தியத் தமிழ்ப் படத்த பாக்க வரிசையில நிக்கிறது நம்ம சனம்தான். அவங்க குடுக்கிற அந்த வரியில ஒரு துளி நம்ம கதைக்கு திரும்பி வரணும்னு கேக்குறதுல என்ன பிழை?

இன்னொன்னும் சொல்லணும். நம்ம மலைய எடுக்க ஆள் இல்லாம இல்ல. எல்லாரும் வர்றாங்க, எல்லாருக்கும் பனியும் பச்சையும் வேணும், கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க தூரத்துல புள்ளி புள்ளியா தெரியணும். ‘இங்கிருந்து’னு 2013ல பேராதனைப் பல்கலைக்கழகத்து சுமதி சிவமோகன் எடுத்த படம் மாதிரி நம்ம சனத்த பக்கத்துல வந்து பாத்தது ரொம்ப கொஞ்சம். நம்ம வீட்டுக்குள்ள இருந்தே ஒருத்தர், செவுத்துல முதுகு முட்டி எடுக்கணும். அந்தத் தம்பி எழுதினத வாசிச்சப்ப எனக்கு அழுகையே வந்திடுச்சு, எங்க அம்மாவும் பேர் வெட்டினதுக்கு அப்புறம் மூணு மாசம் நாலரைக்கு எழும்புனாங்க.

அதனால நம்ம கோரிக்கை பொதுவா ‘உதவி தாங்க’ னு இருக்கக் கூடாது. மலையகத்துக்குனு வருஷத்துக்கு ஒரு முழு நீளப் படம், ஈடு இல்லாம, கூட்டுத்தாபனமே தயாரிப்பாளரா நின்னு. தெரிவுக் குழுவுல தமிழ் வாசிக்கிற ரெண்டு பேர், அதுல ஒருத்தர் மலையகம். இவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு கேட்டா மறுக்கிறதுக்கு அவங்களுக்கும் காரணம் தேடணும்.


நோர்வூட் பொடியன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேயிலை ஸ்டோர்ல நைட் வேலைக்கு போய்ட்டு வந்து இப்பதான் எல்லாத்தையும் வாசிச்சேன். சேர், அந்தப் பாட்டி சொன்னத பெரியம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், அவங்களும் அந்தப் படத்துக்கு சின்னதுல போனாங்களாம், அவங்க அப்பா தோள்ல உக்காத்தி வச்சி காட்டுனாராம்.

கண்டி அக்கா, எனக்கு இப்ப ஒரு சந்தேகம். நாங்க இத எல்லாம் கேக்கிறதுக்கு முன்ன, இதுவரைக்கும் தமிழ்ப் படத்துக்கு எவ்வளவு குடுத்திருக்காங்கனு தெரியணும்ல? ஒண்ணும் தெரியாம போய் ‘எங்களுக்கு குடுக்கல’னு சொன்னா, குடுத்திருக்கோமேனு ஒரு பேப்பர காட்டி அனுப்பிடுவாங்க.


கண்டி எடிட்டிங் மேசை:

அதுதான் தம்பி சரியான கேள்வி, நான் மொதல்லயே அத சொல்லியிருக்கணும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. எந்த அரசாங்க நிறுவனத்துலயும் தகவல் உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருக்கணும், அவருக்கு எழுதுங்க. ஏன் கேக்குறீங்கனு காரணம் சொல்லத் தேவல்ல. தமிழ்லயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள்ள தருவோமா இல்லையானு முடிவு சொல்லணும், மறுத்தா மேன்முறையீடு, அதுவும் சரிவரலனா தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரைக்கும் போகலாம். நான் வேற ஒரு விஷயத்துக்கு போட்டு பதில் எடுத்திருக்கேன், வேலை செய்யுது.

போம் சிங்களத்துல மட்டும் குடுத்தாங்கனு சொன்னீங்கல்ல, அதுக்கும் சும்மா இருக்காதீங்க. அரசியலமைப்புல 22ஆம் உறுப்புரை தெளிவா சொல்லுது, நாட்டுல எந்த இடத்துல இருந்தாலும் தமிழ்ல எழுதி தமிழ்ல பதில் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு. திகதி, எந்த ஒபிஸ், என்ன போம்னு எழுதி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்க. கோவமா எழுத வேணாம், நடந்தத மட்டும் எழுதுங்க.

கேள்விய சின்ன சின்னதா பிரிச்சி கேளுங்க. பெரிசா கேட்டா பெரிசா மழுப்பலாம், சின்னதா கேட்டா இலக்கம்தான் சொல்லணும்.


தலவாக்கலை சேர்:

கடிதத்த எழுதி இங்க போடுங்க தம்பி, நான் மொழிய பாத்துத் தாறேன். 34 வருஷம் கட்டுரைக் கொப்பி திருத்துன கை, இன்னும் நடுங்கல.


நோர்வூட் பொடியன்:

சேர், எழுதிட்டேன். முக்கியமான பகுதிய மட்டும் போடுறேன்.

‘2010ஆம் ஆண்டு முதல் இன்று வரை தங்கள் நிறுவனத்திடம் கடன் அல்லது மானியம் கோரிய தமிழ்மொழித் திரைப்படங்கள் எத்தனை? அவற்றுள் உதவி பெற்றவை எத்தனை, ஒவ்வொன்றுக்கும் வழங்கப்பட்ட தொகை எவ்வளவு? அக்காலப்பகுதியில் திரைக்கதை தெரிவுக் குழுக்களில் தமிழில் வாசிக்கக் கூடியவர்களாக இருந்த உறுப்பினர்கள் எத்தனை பேர்? நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இருந்து விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர்?’


தலவாக்கலை சேர்:

நன்று. ‘வாசிக்கக் கூடியவர்களாக இருந்த’ என்பத ‘தமிழ்மொழித் திரைக்கதையை வாசித்து மதிப்பிட்ட’ என்று மாத்துங்க. வாசிக்கத் தெரிஞ்சவர் இருந்தாருனு பதில் சொல்லிட்டு, அவரு வாசிச்சாரா இல்லையானு சொல்லாம விடுறதுக்கு இடம் குடுக்கக் கூடாது.


ஊவா காத்து:

பெர்மிஷன் கேள்வியையும் சேருங்கப்பா. உள்ளூர் ஆள் படம் எடுக்க எந்தெந்த நிறுவனத்துகிட்ட அனுமதி வாங்கணும், கூட்டுத்தாபனம் அதுக்கு கடிதம் குடுக்குமா, எத்தன நாள்ல. நான் முன்ன பேசினது கொஞ்சம் சலிப்புல பேசினது. நானும் அதே கடிதத்த என் பேர்ல தனியா போடுறேன், பதுளையில இருந்து ஒண்ணு, நோர்வூட்ல இருந்து ஒண்ணு போகட்டும். பசறைக்காரி தங்கச்சி அவங்க ஊர்ல யாரையாவது போடச் சொன்னா மூணு.


கண்டி எடிட்டிங் மேசை:

நான் கண்டியில இருந்து நாலாவது. தம்பி ஒண்ணு மறந்துடாதீங்க, பதில் விலாசத்துக்கு தோட்டத்து விலாசத்த போடாதீங்க.


நோர்வூட் பொடியன்:

இன்னைக்கு காலையில போட்டாச்சு அக்கா, பதிவுத் தபால்ல. சேர் சொன்ன திருத்தம், ஊவா அண்ணனோட கேள்வி ரெண்டும் சேர்த்துத்தான். விலாசத்துக்கு டவுன்ல நான் போன் திருத்தக் குடுக்கிற கடையோட விலாசத்த போட்டேன், கடைக்கார அண்ணன் கடிதம் வந்தா அன்னைக்கே கோல் எடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. தபால் துண்ட பெரியம்மாகிட்ட குடுத்தேன், அவங்க ஈபிஎஃப் பேப்பர் வச்சிருக்கிற பிஸ்கட் டின்னுக்குள்ள மடிச்சி வச்சிருக்காங்க.